நூறு காட்டிய பெட்டி

"நூத்தறுபது காட்டுதுவே, கபிரியேலு! நூறுல நிக்கணும்னுல்லா இஞ்சினீயர் சொன்னான்!"

ஏலப்பாறை எஸ்டேட்டில், மலை உச்சியிலிருந்து தேயிலைச் சாக்குகளை இறக்கும் கம்பிவடத்துக்கு வீரபாண்டிதான் ஆள். வடம் எவ்வளவு இறுக்கம் என்று சிவப்பு எண்ணில் காட்டும் பெட்டியை நேற்றுத்தான் வைத்துவிட்டுப் போனார்கள். கம்பியைக் கையால் தட்டிப் பார்த்தால் தெரியாதா? தெரியும். ஆனால் கையில் விளக்கு எரியாதே, துரைக்கு எப்படிப் பிடிக்கும்?

பெட்டியிலிருந்து ஒரு ஒயர் போகும். அதன் நுனியில் கொக்கி. காலையில் மூடுபனிக்குள் கைதடவி, வடக் கொட்டகைக்குப் பின்னால் கம்பியில் அதை மாட்டியதும் வீரபாண்டிதான்.

மதியம் துரை வருவார். எண் நூறில் நிற்காவிட்டால் வடத்துக்குப் பூட்டு. சாக்கெல்லாம் பெண்கள் தலையில். "என்னயச் சொமக்க வச்சீரு, ஒமக்குக் கஞ்சி கெடயாது" என்று பெண்டாட்டி வேலுத்தாய் விடியும்போதே சொல்லிவிட்டாள்.

ஆபீஸ் கிளார்க் கபிரியேலுக்கு இங்கிலீஷ் தெரியும். அது பெட்டிக்குத் தெரியாது. குமிழை 'டெஸ்ட்'டுக்குத் திருப்பினான். மூன்று எட்டுகள் பளீரென்று எரிந்தன.

"எண்ணூத்தி எம்பத்தெட்டா! வடம் அறுந்து வருது, ஓடும்வே!" வீரபாண்டி பெஞ்சுக்கடியில் புகுந்தான்.

"எல்லா வெளக்கும் எரியுதான்னு பாக்குறதுவே அது!"

"எரியுதுல்லா? அதான்வே பயம்!"

பழைய இடத்துக்குத் திருப்பினால் மறுபடி நூற்றறுபது. வீரபாண்டி வடத்தைத் தளர்த்தினான். எண் அசையவில்லை. இன்னும் தளர்த்தினான். வடம் தொய்ந்து, இறங்கிய சாக்குகள் துரை பங்களாவின் ரோஜாச் செடிகளை உழுதுகொண்டு போயின.

துரை வீட்டுத் துணி வெளுக்கும் செபமாலையம்மாள் எட்டிப் பார்த்தாள். "வீரபாண்டி, அந்தக் கொக்கி..."

"போங்க மதினி, இது மிஷின் வேலை!"

வெயில் வந்தது. எண் தானாக இறங்கத் தொடங்கியது. நூற்றிருபது. தொண்ணூறு.

"தொய்யுது! இறுக்கும்வே!"

இருவரும் வடத்தை இறுக்கும் ராட்டினத்தில் தொங்கினார்கள். இறுக்க இறுக்க எண் இறங்கியது. வடம் 'ங்ங்ங்' என்று பாடியது. அடுத்து வந்த சாக்கு கீழே நிற்கவில்லை. கழன்று பறந்து, மலைப்பாதையில் ஏறி வந்துகொண்டிருந்த துரையின் ஜீப்பில் உட்கார்ந்தது.

பெட்டியில் அறுபது. கபிரியேல் பதறிப்போய்க் குமிழை 'ஜீரோ'வில் அழுத்தினான். எண் பூஜ்யமாயிற்று.

"பாவி, இருந்த அறுபதையும் தின்னுட்டீரே!"

வேலுத்தாய் சும்மாட்டைச் சுற்றிக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். ஜீப் உறுமி நின்றது. தொப்பியெல்லாம் கொழுந்தாகத் துரை உள்ளே நுழைந்தார். வீரபாண்டி கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏறுதுவே!" என்றான் கபிரியேல்.

நாற்பது. எண்பது. நூறு. நின்றது. ஆணி அடித்ததுபோல் நின்றது.

துரை பெட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "வெரி குட், வீரபாண்டி! மனுஷன் பொய் சொல்வான், மிஷின் சொல்லாது."

வேலுத்தாய் சும்மாட்டைப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வீரபாண்டிக்கு நெஞ்சு ஒரு முழம் அகலமாயிற்று.

ஈரக் கையை உதறிக்கொண்டே செபமாலையம்மாள் மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"தொரையோட கம்பளியை இப்பத்தான் நனைச்சுப் போட்டுருக்கேன், வீரபாண்டி. அது காயுற மட்டும் என் துணிக்கொடியில மாட்டுன கொக்கியை அவுத்துராதீரும், கொடி ஆடாம நிக்குது!"