பாவம் கரைக்கும் சிவப்பு மாத்திரை

1944-இல், ஜப்பான்காரன் ஆட்சியில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அரிசிக்குப் பஞ்சம், துணிக்குப் பஞ்சம். பாவவிமோசனம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. ரயில்வே லைன் வீடுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த செஞ்சாமி, ஒரு குவளை அரிசிக்கு ஒரு சிவப்பு மாத்திரை தருவார். விழுங்கினால் பாவமெல்லாம் சிறுநீரில் சிவப்பாகப் போகும். நிஜமாகவே போனது! ஊரே தகர டப்பாவும் கையுமாகத் திரிந்தது. "ஒன்னோடதவிட என்னோடதுதான் சிவப்பு" என்று பெருமை வேறு. பாவத்தில்கூடப் போட்டி!

பட்டறைத் தொழிலாளி பாலனும் வரிசையில் நின்றான். பிள்ளை பெற்ற ஆறாம் நாள் அவன் மனைவி இராஜம்மாவுக்குக் கடுங்காய்ச்சல். பாவத்தால் வந்த காய்ச்சல் என்று முதல் மாத்திரையை அவளுக்குக் கொடுத்திருந்தான். இரண்டாவது மாத்திரையோடு திரும்பியவன், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் தங்கமணியிடம் அழுதான்.

"பாவம் போயிருச்சு அண்ணே, காய்ச்சல்தான் போகல."

மாத்திரையைப் பார்த்த தங்கமணி தலையில் அடித்துக்கொண்டார்.

"இது சல்ஃபாடா! பிரசவக் காய்ச்சலுக்கு மருந்தே இதான். ஆஸ்பத்திரியில ஒன்னுகூட இல்ல. வேளா வேளைக்கு, நாள்கணக்கா கொடுக்கணும். ஒன்னு ரெண்டு எந்த மூலைக்கு? சிவப்பு வெறும் சாயம்லா!"

கையிலிருந்ததை இராஜம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, நேராகச் சாமியிடம் போனார்.

"சாமிக்குப் பாவம் உண்டுங்களா?"

"பொட்டுக்கூடக் கிடையாது. அடுத்தவன் பாவமும் என்னை ஒட்டாது."

"அப்ப ஒங்களுக்குச் சிவக்காது. எல்லார் முன்னாலயும் ரெண்டு முழுங்குங்க."

சாமி நெளிந்தார். பக்தர்கள் விடவில்லை. "முழுங்குங்க சாமி! இவனுக்குக் காட்டுங்க!" என்று கத்தினார்கள். பக்தி அவரை வசமாக மாட்டிவிட்டது. விழுங்கினார். கூட்டம் நகரவில்லை, அவரையும் நகரவிடவில்லை. மத்தியானம் சாக்குத் திரை கட்டி, ஒரு கண்ணாடிப் போத்தலை உள்ளே நீட்டினார்கள்.

வெளியே வந்தது செக்கச்செவேல்.

"எத்தன கொல சாமி?" என்று கேட்டார் முன்வரிசைக்காரர்.

பாயைத் தூக்கினால் மருந்து டப்பா. சாமியின் பெயர் அய்யாவு. கிள்ளானில் ஒரு தோட்டத்து மருந்தறையைக் கூட்டிப் பெருக்கியவர். ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரன் ஓடிய நாளில் டப்பாவோடு இவரும் ஓடியிருக்கிறார். நல்லவேளை, அறுபது மாத்திரைகள் மிச்சமிருந்தன. அவற்றை வேளா வேளைக்குக் கொடுத்ததில், ஐந்தாம் நாள் இராஜம்மா எழுந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பாலன் தேம்பித் தேம்பி அழுதான்.

தங்கமணியிடம் ஒருவர் மெல்ல வந்தார். "டிரெஸர், எனக்கு ஒன்னே ஒன்னு கொடுங்களேன். சின்னப் பாவம்தான்."

முந்நூறு பேர் சிறுநீரின் நிறத்தை உற்றுப் பார்த்தீர்களே ஐயா, ஒருவராவது அந்தப் பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இது மருந்தாக இருக்குமோ என்று யோசித்தீர்களா?