ரெட் டேக் செய்த கத்தி

ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை உள்ள கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்தில் கழித்துக்கட்டும் சாமானைவிட, எங்கள் மண்ணூர் ரூமில் ஒரே மனுஷன் ஒரு மாசத்தில் கழித்துக்கட்டியது அதிகம். இதில் மிகை ஒன்றும் இல்லை. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரெட் டேக்.

கம்பெனியில் அவருக்கு குவாலிட்டி செக்கிங் வேலை. தேறாத பீஸில் சிவப்பு அட்டை கட்டி, குறையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தேறினால் பச்சை அட்டை. பச்சை அட்டையை அவர் கையில் யாரும் பார்த்ததில்லை. சிவப்பு மட்டும் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். நான் வைத்த ரசப் பாத்திரத்தில் ஒருமுறை கட்டினார்: 'புளி அளவு தாண்டிவிட்டது.' பெண் பார்க்கப் போக நான் தேய்த்து வைத்திருந்த சட்டையிலும் கட்டிவிட்டார். அது முதுகில் தொங்கியதைப் பெண்ணின் அப்பாதான் கண்டுபிடித்துச் சொன்னார். அவர் இன்று என் மாமனார்.

இப்படிப்பட்டவருக்குக் கையால் கத்தி செய்யும் ஆசை வந்தது. போனில் யாரோ செய்வதைப் பார்த்தாராம்.

"கத்தி இன்னாபா பெரிய விஷயம்? நம்மகிட்ட இல்லாத அளவா?" என்றார்.

காயலான் கடையில் ஒரு பழைய அரம் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் கரி அடுப்பு மூட்டி, தலைமுடி காயவைக்கும் மிஷினால் ஊதினார். அரத்தை நெருப்பில் இளக்கி, கத்தி வடிவத்துக்கு ராவி, மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார். எண்ணெய், கீழே மெஸ் நடத்தும் மேரி அக்காவுடையது.

"பஜ்ஜிய நான் எதுலப்பா போடறது?" என்று அக்கா படியேறி வந்தார்.

"உனக்குதான்கா கத்தி. புடி" என்று நீட்டினார் இவர்.

"கையில தராதப்பா, சண்ட வரும். கீழ வெய்யி, எடுத்துக்கறேன்."

"அக்கா, அதுக்கெல்லாம் ஸ்டாண்டர்டு எதுனா கீதா?"

இவர் விட்டார், அக்கா வாங்கவில்லை. தரையில் விழுந்த கத்தி இரண்டாக உடைந்தது. எண்ணெயில் முக்கிய பிறகு இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டுமாம். அதை அவசரத்தில் விட்டிருந்தார். சிவப்பு அட்டை.

அடுத்த கத்தியை இளஞ்சூட்டுக்காக கேக் சுடும் ஓவனில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனார். அது வளைந்தது, அறுக்கவில்லை. அதற்கும் அட்டை கட்டி, 'வெட்டாது' என்று எழுதினார். ஆனால் எவ்வளவு மெது என்று அவருக்கு நம்பர் தெரிய வேண்டும்.

"அரத்தால தேச்சா தெரிஞ்சிடும்ணா. வழுக்குனா கெட்டி, கடிச்சா மெது" என்றேன்.

"அது உன் கருத்து. எனக்கு நம்பர் வேணும்."

நம்பர் சொல்லும் மிஷின் கம்பெனியின் டெஸ்டிங் லேப்பில்தான் இருந்தது. திங்கட்கிழமை மனுஷன் கத்தியை டிபன் பையில் வைத்துக்கொண்டு போனார். கேட்டில் செக்யூரிட்டி பிடித்துவிட்டார்.

வருஷக்கணக்கில் கான்ட்ராக்டில் ஓடியவர், அந்த மாசம்தான் பர்மனென்ட் லிஸ்டில் பேர் வந்திருந்தது. விசாரணைக்குத் துணையாகக் கூட வேலை செய்பவர் ஒருவர் வரலாம் என்றார்கள், நான் போனேன். "ஷோ பீஸ்னு சொல்லிடுணா. கத்தின்னு வாயே தொறக்காத" என்று வழியெல்லாம் பாடம் நடத்தினேன்.

"இது என்ன?" என்றார் எச்.ஆர். அதிகாரி.

"கத்தி சார்" என்றார் ரெட் டேக்.

அதிகாரி அட்டையைப் படித்தார். மேஜையில் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மிதந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, கத்தியை வைத்து அழுத்தினார். பழம் வழுக்கிக்கொண்டு போய் பீரோவுக்கு அடியில் உருண்டது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

"இதையா ஆயுதம்னு பிடிச்சாங்க?" என்று சிரித்தார்.

நான் மூச்சு விட்டேன். ரெட் டேக்குக்கு முகம் சிவந்துவிட்டது. "அடுத்த பீஸ் அறுக்கும் சார்" என்றார். மேஜைக்கு அடியில் அவர் காலை நன்றாக மிதித்தேன்.

எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். வேலை தப்பியது. வாசல் வரை வந்தவர் திரும்பிப் போய், "ரெட் டேக் போட்ட பீஸ் உங்க டேபிள்ல இருக்கக் கூடாது சார், ப்ரொசீஜர்" என்று கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

பதினோராவது கத்தி அறுத்தது. பேக்கிங் கட்டையில் பிடி போட்டிருந்தார். தக்காளியைக் காகிதம் மாதிரி சீவிக் காட்டினார். பர்மனென்ட் ஆன கையோடு ஓசூர் பிளான்டுக்கு மாற்றினார்கள். கிளம்புகிற அன்று அந்தக் கத்தியில் பச்சை அட்டை ஒன்றைக் கட்டினார். நான் கை நீட்டினேன். ஸ்டாண்டர்டு கேட்ட அதே மனுஷன், குனிந்து அதைத் தரையில் வைத்தார்.

"கையில தர மாட்டேன்பா. எடுத்துக்கோ."

கத்தி இன்றும் எங்கள் அடுப்படியில் இருக்கிறது. பச்சை அட்டையை நான் அவிழ்க்கவில்லை, என் மனைவியையும் அவிழ்க்க விடவில்லை. நமக்குள் இதுவரை சண்டை வரவில்லை, ரெட் டேக் அண்ணே. சண்டை போடவாவது ஒரு வாட்டி வந்துட்டுப் போங்க.