கலங்கரை விளக்கக்காரியின் கணவர்

சர்ர்ர்… தொம்.

இருட்டின பிறகு ஒரு வீட்டிலிருந்து வரக்கூடாத சத்தம் அது. மாஸ்டர் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, இன்னொன்றைக் கழற்றலாமா ஓடலாமா என்று யோசித்தபடி வாசலிலேயே நின்றார். கூடத்தில் விளக்கு எரியவில்லை. மறுபடியும் சர்ர்ர்… தொம். யாரையோ தரதரவென்று இழுத்து, மனம் மாறி, பொத்தென்று போட்டுவிடுகிற மாதிரி.

அவர் பயந்த சுபாவம் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். எதிரே லாரி வரும்போது கண்ணை மூடிக்கொண்ட எத்தனையோ பேர் பக்கத்தில் கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறார். காரணம், பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வீட்டில்தான் அவர் பக்கம் பிரேக் வைக்கவில்லை.

குடையை ஈட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். தொட்டிலில் எட்டு மாதக் குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. சத்தம் சாமான் அறையிலிருந்து வந்தது. கதவை லேசாகத் தள்ளினார்.

"ஒத்தைச் செருப்போட உள்ள வராதீங்க" என்றது மனைவியின் குரல்.

ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு. கயிற்றின் ஒரு முனையில் பழைய துணி மூட்டை. மறுமுனையில் அவர் மனைவி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூட்டையை மேலே இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள்.

"என்ன இது?"

"எடைக்கல்."

"துணி மூட்டை மாதிரி இருக்கே."

"உள்ள ரெண்டு இஸ்திரிப் பெட்டி போட்டிருக்கேன். அந்தக் காலத்துக் கலங்கரை விளக்கத்துல இப்படித்தான். எடைக்கல்லைச் சங்கிலியில மேல இழுத்து விடணும். அது மெதுவா இறங்க இறங்க மேல விளக்கு சுத்தும். தரைக்கு வந்ததும் திரும்ப இழுக்கணும்."

"சரி. நம்ம வீட்டுல எதுக்கு விளக்கு சுத்தணும்?"

விஷயம் மெல்ல வெளியே வந்தது. ஒரு பதிப்பகம், வாழ்ந்து மறைந்த அபூர்வமான பெண்களைப் பற்றி வரிசையாகச் சரித்திர நாவல்கள் போடுகிறது. அதில் ஒன்று இவளுக்குக் கிடைத்திருக்கிறது. கதாநாயகி, கடலோரக் கலங்கரை விளக்கத்தில் தரை பெருக்க வந்த ஒரு பெண். ஒரு புயல் நாளில் விளக்குக் காவலர் காய்ச்சலில் விழுந்துவிட, விடியும்வரை தனியாளாக எடைக்கல்லை இழுத்து விளக்கை நிற்காமல் சுற்றவிட்டவள். அதன் பிறகு கடைசிவரை அந்த விளக்கு அவள் பொறுப்பிலேயே இருந்தது.

"அவ கை எப்படி வலிச்சிருக்கும்னு தெரியாம நான் எப்படி எழுதறது?" என்றாள் மனைவி.

மாஸ்டருக்கு அந்தப் பெண்ணின் கையைப் பற்றிக் கவலை எழவில்லை. அவர் கவலை வேறு.

"அந்தம்மாவோட புருஷன் எப்படி?"

அவள் கயிற்றைக் கீழே விட்டாள். "அதைப் பத்தி எங்கேயும் ஒரு ஆதாரமும் கிடைக்கலை."

"அப்போ நீயா எழுதிக்கலாமா?"

"நாவல்தானே. எழுதறவளுக்கு என்ன தெரியுமோ அதை வச்சுத்தானே எழுத முடியும்."

மாஸ்டர் குடையை மூலையில் சாத்திவிட்டு மெதுவாக வெளியே வந்தார். மிச்சச் செருப்பு இன்னும் காலில்தான் இருந்தது.

போன வருஷம் அவள் ஒரு பத்திரிகையில் சிறுகதை எழுதினாள். அதில் ஒரு அப்பா, பிஸ்கட் டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் அலமாரி உச்சியில் ஒளித்துவைத்து, எல்லோரும் தூங்கின பிறகு ஸ்டூல் போட்டு ஏறித் தின்பார். கற்பனைப் பாத்திரம் என்றாள் மனைவி. மறுநாள் பயிற்சிக்கு வந்த பெண்மணி கிளட்ச்சை மிதித்தபடியே, "மாஸ்டர், ஸ்டூல் ஆடாதா?" என்று கேட்டாள். அன்று ஆரம்பித்த ஊர்ச் சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. அது வெறும் சிறுகதை. நான்கு பக்கம். இப்போது வரப்போவது நாவல். அட்டை போட்டது. நூலகத்தில் வைப்பார்கள். அதில் குடித்துவிட்டு வந்து, புயலில் பெண்டாட்டியை எடைக்கல் இழுக்க விட்டுவிட்டுக் குறட்டை விடுகிற ஒரு புருஷன் வந்தானானால், அவன் யார் என்று யாரும் ஆதாரம் கேட்கப்போவதில்லை.

எதிர்வீட்டுத் தையற்காரரிடம் போய்ப் புலம்பினார். அவர் ஊசியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"எழுதக் கூடாதுன்னு சொல்லிப் பாத்தீங்களா?"

"நீங்க சொல்லுவீங்களா?"

"நான் ஏன் மாஸ்டர் சொல்றேன்? எனக்கு ராத்திரி சாப்பாடு வேணும்." ஊசியை எடுத்து மேஜையில் குத்தினார். "எழுதறவங்களும் எங்க ஜாதிதான். எதிர்ல நிக்கிற ஆளை அளவெடுத்துத்தான் தைப்பாங்க. இறுக்குதுன்னு சட்டைகிட்ட சண்டை போட்டு என்ன பிரயோஜனம்? தொப்பையைக் குறைங்க."

"எத்தனை நாளைக்கு?"

"தையல் முடியற வரைக்கும்."

அந்த நிமிஷம் மாஸ்டர் ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தார். நாவலில் வரும் புருஷன் உத்தமனாக இருக்கவேண்டும். அதற்கு வீட்டில் இருக்கும் புருஷன் உத்தமனாக இருந்து தொலைக்கவேண்டும். வேறு வழியில்லை.

மறுநாள் காலையில் மனைவி கண்விழித்தபோது, தலைமாட்டில் டீ நின்றது. டீக்குப் பின்னால் மாஸ்டர் நின்றார்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றாள் அவள்.

"ஏன், ஒரு புருஷன் டீ போடக் கூடாதா? அந்தக் காலத்துலயே போட்டிருப்பாங்க. கலங்கரை விளக்கத்துல எல்லாம் குளிரும்."

அவள் ஒரு வாய் குடித்தாள். கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் படித்தவள். குரலை உயர்த்தவே மாட்டாள். ஒரு புருவத்தைத்தான் உயர்த்துவாள். வகுப்பாக இருந்தால் பின்வரிசை வரை எழுந்து நிற்கும். அந்தப் புருவம் இப்போது பாதி உயர்ந்து, என்ன நினைத்ததோ, பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

"சக்கரை போதும்" என்றாள்.

அப்புறம் மாஸ்டரின் வண்டி டாப் கியரில் ஓடியது. குழந்தையைக் குளிப்பாட்டினார். முதல் தடவை குழந்தையைவிட அவர்தான் அதிகம் நனைந்தார், அதிகம் அழுதார். குழந்தைத் துணிகளைத் துவைத்தார். பிழிந்தார். உதறிக் காயப்போடும்போது எதிர்வீட்டுத் தையற்காரர் ஜன்னலிலிருந்து, "இடுப்பு குறையுது மாஸ்டர், விடாதீங்க" என்றார். சாயந்திரம் வேலை முடிந்து வந்ததும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் முதல் கியரில் நடந்தார். அவள் சாமான் அறையில் உட்கார்ந்து எழுதினாள்.

சும்மா நல்லவனாக இருந்தால் போதாது, அது பதிவாகவேண்டும் என்ற கவலையும் இருந்தது.

"பாத்திரம் எல்லாம் தேச்சுட்டேன்" என்று அறைக்குள் தலையை நீட்டுவார்.

"சந்தோஷம்."

"அடியும் தேச்சுட்டேன். அந்த மாதிரிப் புருஷன் அப்போ இருந்திருந்தா அந்தம்மாவுக்கு எவ்வளவு ஒத்தாசையா இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்தான்."

"புயல் அன்னிக்குக்கூட அவன் மாடிப்படி ஏறி வந்து, நீ கொஞ்சம் உக்காரும்மா, நான் இழுக்கறேன்னு சொல்லியிருக்கலாம்."

அவள் பேனாவை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமா இழுப்பானா?"

"ஏன் இழுக்க மாட்டான்?"

"அப்போ கொஞ்சம் இழுத்துக் காட்டுங்களேன். எனக்குத் தோள் பிடிச்சுக்கிச்சு. புயல் அத்தியாயம் நகரவே மாட்டேங்குது."

அவர் குழந்தையை அவள் மடியில் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். இழுத்தார். சர்ர்ர்… தொம். இஸ்திரிப் பெட்டி இவ்வளவு கனக்கும் என்று இத்தனை வருஷம் சட்டை போட்டவருக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு தடவையிலேயே வாய் பிளந்து மூச்சு இரைத்தது.

"நிறுத்தாதீங்க. இப்ப எங்க வலிக்குது?"

"எங்க… வலிக்கலைன்னு… கேளு."

அவள் எழுதினாள். "கையில தொடங்கி எங்க போகுது?"

"கழுத்து. அப்புறம் காதுக்குள்ள. காதுல கடல் சத்தம் மாதிரி…"

"அருமை" என்றாள் அவள், எழுதிக்கொண்டே. "இன்னும் கொஞ்ச நேரம்."

ஒருவழியாக அவர் சுவரில் சரிந்து உட்கார்ந்தபோது, அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, கேட்காமலே, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"இவ பொறந்ததுலேர்ந்து இந்த நாவலைத் தொடற வரைக்கும் ஒரு பக்கம்கூட எழுதலை. இனிமே என்னால ஆகாதோன்னு ரொம்பப் பயந்துட்டேன். பதிப்பகத்து அம்மா சொல்லிட்டாங்க, மாசக் கடைசிக்குள்ள தரலைன்னா வேற யாருக்காவது குடுத்துடுவேன்னு. யாருக்கும் தெரியாம போயிட்ட பொம்பளை அவ. என் கைக்கு வந்தும் நழுவிட்டான்னா, அப்புறம் என் மூஞ்சியை நானே எப்படிப் பாக்கறது?"

மாஸ்டர் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். அன்றைக்கு மட்டும் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அது எந்த அத்தியாயத்தில் வரும் என்று கேட்காமல் திரும்பினார்.

மாசம் முடிவதற்குள் நாவல் முடிந்தது. கணினியில் ஏற்றி, அச்செடுத்து, கட்டாகக் கட்டி அவர் முன்னால் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை. தோளில் குழந்தையுடன் படிக்க ஆரம்பித்தார்.

முதல் அத்தியாயத்தில் புருஷனைக் காணோம். சரி, மெதுவாக வருவான். ஐந்தாவதிலும் வரவில்லை. புயல் அத்தியாயம் வந்தது. அவள் சங்கிலியைப் பிடித்தாள். வலி கையில் தொடங்கிக் கழுத்துக்கு ஏறி, காதுக்குள் போய், வெளியே இருக்கும் கடலும் உள்ளே இருக்கும் கடலும் ஒன்றாக இரைந்தன. மாஸ்டருக்குப் புல்லரித்தது. அந்த மூச்சு அவருடையது. ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள் கச்சிதமாகப் பொருந்தி, புயலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. விளக்கு நிற்காமல் சுற்றி, விடிந்து, தூரத்தில் ஒரு படகு பத்திரமாகக் கரை ஒதுங்கியபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்தார். குழந்தைதான் பார்த்தது.

கடைசிப் பக்கம் வரை போனார். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார்.

"ஏம்மா, இவளுக்குப் புருஷன் எங்க?"

"அவங்க கல்யாணமே பண்ணிக்கலை."

"பண்ணிக்கவே இல்லையா?"

"இல்லை. சரித்திரத்தை நான் மாத்த முடியுமா?"

"அன்னிக்குப் புருஷன் எப்படின்னு கேட்டேனே."

"ஆதாரம் இல்லைன்னு சொன்னேனே."

"இல்லாதவனுக்கு எப்படி ஆதாரம் இருக்கும்?"

"அதைத்தாங்க நானும் சொன்னேன்" என்றாள், பள்ளிக்கூடத்தில் ஒப்பித்துப் பழகின அதே நிதானத்தோடு.

மாஸ்டருக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். துவைத்த துணிகள் வரிசையாகக் கண் முன்னால் வந்து ஆடின. ஆனால் அவற்றுக்குப் பின்னாலேயே ஒரு பெரிய நிம்மதியும் வந்தது. புருஷன் இல்லை. குடிகாரன் இல்லை. குறட்டை இல்லை. அவரைப் பற்றி நூலகத்தில் ஒரு வரி இல்லை. எந்தக் கிளட்ச்சும் இனிச் சிரிக்காது. அப்பாடா என்று சாய்ந்தார். செய்தித்தாளை மடியில் விரித்து, காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் போட்டார். பல வாரங்களாக மறந்துபோயிருந்த சொல் அது. குழந்தையை அவளிடம் நீட்டி, நன்றாக அனுபவித்துச் சொன்னார்:

"டீ."

"போடலாம்" என்றாள் அவள், குழந்தையை வாங்காமல். "காலையில பதிப்பகத்து அம்மா ஃபோன் பண்ணினாங்க. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிடுச்சாம். கையோட அடுத்ததையும் எனக்கே குடுத்துட்டாங்க."

"ரொம்ப நல்லது. யாரு? இவங்களும் கடலோரமா?"

"இல்லை. ஊர் ஊராப் போய் நாடகக் கம்பெனி நடத்தின அம்மா. பெரிய தைரியசாலி." சாமான் அறைப் பக்கம் நடந்தவள், வாசலில் நின்று திரும்பினாள். "இவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. மூணு தடவை. அதுக்கு ஆதாரம் இருக்கு."

செய்தித்தாள் தானாக மடிந்தது.

"மூணு பேரும் எப்படி?"

"அதை இனிமேதான் யோசிக்கணும்."

மாஸ்டர் நாற்காலியிலிருந்து காலை எடுத்தார். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தார். ஒரே ஆள். மூன்று பேருக்கும் சேர்த்து உத்தமனாக இருந்தாக வேண்டும்.

சாமான் அறைக் கதவு மூடியது. உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.