ஸ்ரீஸ்கந்தராசாவின் மூன்று கழுத்துப்பட்டிகள்

"அப்பா, ப்ளீஸ், அந்த ஒரேஞ் ரையோட மட்டும் என்ர வெடிங் போட்டோவில நிக்காதேங்கோ!"

துர்க்கா கெஞ்சியும் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். கலியாணத்துக்கு இன்னும் எட்டே நாள். ஸ்ரீஸ்கந்தராசா மசியவில்லை. கனடாவுக்கு வந்து முதல் வேலைக்கு நேர்முகம் போனபோது கட்டிய கழுத்துப்பட்டி அது. உள்ளங்கை அகலம், நடுவில் கிளிப்பச்சைக் கோடு. அதே காலத்தில் வாங்கியவை இன்னும் இரண்டு இருந்தன. மகளின் மேடையில் அந்த மூன்றில் ஒன்றைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"விடு பிள்ளை, அப்பாவின்ர ஆசை," என்றாள் யோகமலர். மனைவியை நினைக்க அவருக்குப் பெருமையாக இருந்தது.

அதனால்தான், அவளோடு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்யும் ஹெல்கா, ஜெர்மன்காரர் குளிரை விரட்டும் ஊர்வலத்துக்கு அழைத்தபோது, மறுபேச்சில்லாமல் மோர்னிங்சைட் வீட்டிலிருந்து காரை எடுத்தார்.

"அவையின்ர விழா. ரையோட போனாத்தான் மரியாதை," என்று யோகமலரே ஒரேஞ்சைக் கட்டிவிட்டாள்.

தெருவில் முகமூடி போட்ட சூனியக்காரிகள் மணியடித்துக் கத்திக்கொண்டு வந்தார்கள். மைனஸ் பதினைந்தில் நின்ற குளிர் அசைவதாயில்லை. ஒருத்தி நேரே அவரிடம் வந்து கத்தரிக்கோலை எடுத்தாள். கிறிச்!

"ஐயோ, என்ர ரை!"

"இண்டைக்குப் பொம்பிளையள் ஆம்பிளையளின்ர ரையை வெட்டுறது அவையின்ர வழக்கமாம்," என்று யோகமலர் தேற்றினாள். "நல்லகாலம், மற்ற ரெண்டும் கைப்பையில கிடக்கு. ஒருக்கா வெட்டின ஆளை இனி வெட்டமாட்டினம்."

நீலத்தைக் கட்டி மூச்சு விடுவதற்குள் அதே சூனியக்காரி. கிறிச்!

மூன்றாவதைக் கட்டியவர் யாக்கெற் சிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடினார். இதுவும் போனால் மகளின் கலியாணத்துக்கு வெறுங்கழுத்துத்தான். அவருக்குக் கண் கலங்கியது.

"இஞ்சருங்கோ, துர்க்காவுக்கு ஒரு படம் அனுப்புவம். ரை தெரிய நில்லுங்கோ."

இவளாவது மதிக்கிறாளே என்று சிப்பை இறக்கினார். கிறிச்! படமும் விழுந்தது, ரையும் விழுந்தது.

"இஞ்சாரும், இனி என்னத்தைக் கட்டிக்கொண்டு மேடையில ஏறுறது?"

"என்ன செய்யிறது, புதுசா ஒண்டு வாங்குவம்," என்றாள் யோகமலர் பெருமூச்சோடு.

சூனியக்காரி முகமூடியைக் கழற்றினாள். ஹெல்கா! வேர்த்த முகத்தோடு மூன்று துண்டுகளையும் யோகமலரிடம் நீட்டினாள்.

"யோகா, நீ சொன்ன மூன்றும் முடிந்தது. வீட்டில் இன்னும் இருக்கிறதா?"