ஈச்சங்காட்டுக்கு வந்த ஜப்பான் கரண்ட்

பாப்பிரெட்டிப்பட்டிக்கு மேற்கே இருக்கும் ஈச்சங்காடு என்னும் சிற்றூர் முழுமையாக மின்வசதி பெற்றுவிட்டதாக அரசாங்கக் காகிதங்கள் சொல்கின்றன. பகலில் அது உண்மைதான். சாயங்காலம் ஆறு மணிக்குச் சுற்றுக்காட்டுக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்துவிட்டால், பல்பு எரிகிறதா என்று பார்க்கத் தீக்குச்சி கிழிக்க வேண்டியிருக்கும். ஃபேன் சுற்றும், உட்கார்ந்தபடியே இறக்கையை எண்ணலாம். பாஞ்சாலியின் மாவு மில்லில் பெல்ட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்று யோசிக்கும். அவளும் டிரான்ஸ்பார்மர் கேட்டு மனு மேல் மனுவாகப் போட்டாள். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று கரண்ட் ஆபீஸிலிருந்து பதில் மட்டும் தவறாமல் வந்தது. அந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்லக்கூடாது.

அந்தக் கரண்டால் சந்தோஷமாக இருந்த ஒரே ஜீவன் வளையல் கடை நூர் பாஷா. காரணம் இருந்தது. அவர் மனைவி ரோஷன் பீயின் தம்பி சலாவுதீன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். மற்ற மச்சான்கள் சென்ட்டு, கடிகாரம், சேலை என்று கேட்பார்கள். நூர் பாஷா கேட்டது ஜப்பான் பாட்டு டிஸ்க்கு, அப்போதுதான் வந்திருந்த சி.டி. எண்பத்தெட்டாம் வருஷம், தர்மபுரி டவுனிலேயே பாதிப் பேர் டிஸ்க்கைக் கண்ணால் பார்த்ததில்லை. பாஷா வீட்டு அலமாரியில் அது வரிசையாக நின்றது. பாதி ஜப்பான் பாப் பாட்டு, மீதி கார்ட்டூன் படப் பாட்டு.

டிஸ்க்கைவிட அவரிடம் அதிகமாக இருந்தது அபிப்பிராயம். ஒவ்வொரு டிஸ்க்கு உறையின் ஓரத்திலும் ஜப்பான்காரன் ஒரு காகிதப் பட்டி சுற்றி அனுப்புவான். பட்டி கிழிந்த டிஸ்க்கை பாஷா டிஸ்க்காகவே மதிப்பதில்லை. "சிங்கப்பூர்ல அடிச்சதும் வட்டமாத்தான் இருக்கும். அவ்வளவுதான் அதுக்குப் பெருமை" என்பார்.

"பாட்டு புரியுதுங்களா பாயி?" என்று பாஞ்சாலி ஒருமுறை கேட்டாள்.

"புரியவே கூடாதுங்க. புரிஞ்சா கதை கேக்கறோம், பாட்டு கேக்கல."

"அதென்ன கார்ட்டூன் பாட்டு? கொழந்தைங்க சமாச்சாரமில்ல?"

"சினிமாவுல பாடறவங்க காசுக்குப் பாடறாங்க. பொம்மைக்கு என்னங்க லாபம்? பொம்மை பாடுனா மனசாரப் பாடுதுன்னு அர்த்தம்."

பாஞ்சாலி மில்லைப் பார்க்க நடையைக் கட்டினாள்.

சலாவுதீன் கொண்டுவந்த பாட்டுப் பெட்டியின் முதுகில் நூறு வோல்ட்டு என்று எழுதியிருந்தது. நம் ஊரின் இருநூற்று முப்பது வோல்ட்டுக் கரண்டில் நேரே சொருகினால் புகைந்துவிடும், நடுவே கரண்டைக் குறைக்கிற பெட்டி ஒன்று வைக்க வேண்டும் என்று சேலத்துக் கடைக்காரர் சொன்னார். ரோஷன் பீயும் வாங்கிவிடலாம் என்றாள். பாஷா மறுத்துவிட்டார். "ஜப்பான் பாட்டு ஜப்பான் கரண்ட்டுலதான் பாடணும். பொட்டி வழியா வந்தா பாடற பொண்ணுக்குத் தொண்டை கட்டிக்கும்." மாசக்கணக்கில் பெட்டி சும்மா கிடந்தது. அப்புறம் ஒரு சாயங்காலம் வயர்மேனிடம் வோல்ட்டு அளக்கும் மீட்டர் வாங்கிச் சுவர் பிளக்கில் வைத்துப் பார்த்தார். முள் சரியாக நூறில் நின்றது. ஊரே சபித்த கரண்டு அச்சு அசல் ஜப்பான் கரண்டு. பெட்டியைச் சொருகினார். கார்ட்டூன் படத்தில் இயந்திரப் பறவைமேல் ஏறிப் பறக்கும் செம்பட்டைத் தலைப் பெண்ணின் பாட்டு வந்தது. பாஷா அழுதுவிட்டார். அன்றிலிருந்து அந்தச் சாயங்காலங்களுக்காகவே அவர் பகலெல்லாம் வளையல் விற்றார்.

இப்படி இருக்கையில்தான் பாஞ்சாலியின் மனு பலித்துவிட்டது. டிரான்ஸ்பார்மர் வருகிறது என்று சேதி வந்ததும் ஊர் குதித்தது. டிரான்ஸ்பார்மர் வந்தால் சாயங்காலக் கரண்டு நூறைத் தாண்டிவிடும் என்று பாஷா கணக்குப் போட்டார். மறுநாள் காலையிலேயே கரண்ட் ஆபீஸில் போய் நின்றார்.

"என்ன குறை?" என்றார் உதவிப் பொறியாளர் மாயவன், தலையைத் தூக்காமல்.

"குறை ஒண்ணுமில்லீங்க. கரண்ட்டு ரொம்ப நல்லாருக்குது. தயவுசெஞ்சு ஏத்திராதீங்க."

மாயவன் பேனாவை மூடினார். எழுந்துபோய் கதவையும் மூடினார். "உண்மையச் சொல்லுங்க. உங்கள யாரு அனுப்புனது? விஜிலென்ஸா?"

பாஷா ஜப்பான், நூறு வோல்ட்டு, செம்பட்டைத் தலைப் பெண் எல்லாவற்றையும் விளக்கினார். மாயவனின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அவருடைய சர்வீஸில் திருப்தியடைந்த முதல் நுகர்வோர் இவர்.

"ஆனா ஒரு சிக்கல். குறை இல்லாத மனுவ வாங்க இங்க பதிவேடு இல்லீங்க."

"அப்ப என்னங்க பண்றது?"

"குறை இல்லாததே குறைன்னு எழுதிக் குடுங்க. பதிஞ்சுக்கறேன்."

மாயவன் சொல்லச் சொல்ல பாஷா எழுதினார்: 'எங்கள் ஊர் மின்சாரம் ஜப்பான் தரத்தில் உள்ளது. புகார் இல்லை. இனி எக்காலத்திலும் இராது.'

அந்தக் காகிதம் மேலே போயிற்று. மேலே போகப் போகக் கனமாயிற்று. டிரான்ஸ்பார்மர் வேறு ஊருக்குத் திருப்பப்பட்டது. ஈச்சங்காடு 'ஜப்பான் தர மின் விநியோக மாதிரிக் கிராமம்' ஆனது. ஊர் எல்லையில் போர்டு நட்டார்கள். பாஞ்சாலி முதலில் விளக்குமாற்றோடு வளையல் கடைக்கு வந்தாள். போர்டைப் பார்க்கப் பக்கத்து ஊர்க்காரர்கள் திரண்டு வருவதைக் கண்டதும் அதைக் கீழே போட்டுவிட்டாள். ஒரு மாசத்துக்குள் ஸ்டெபிலைசர் வைத்திருந்தவர்கள் வெட்கப்பட்டு அதைக் கட்டிலுக்கடியில் ஒளித்தார்கள். மாப்பிள்ளை ஜப்பான் கரண்ட்டு ஊர் என்று பெண் வீட்டார் பெருமையாகச் சொன்னார்கள். பாஞ்சாலியே தன் மில்லில் 'ஜப்பான் மாவு' என்று எழுதிப்போட்டாள். மெதுவாக அரைப்பதால் நைஸாக இருக்கிறதாம்.

ஒரு சாயங்காலம் பெரிய இன்ஜினியர் வந்து பித்தானை அழுத்தி மாதிரிக் கிராமத் திட்டத்தைத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. மேடையில் பாஷாவின் பாட்டுப் பெட்டி வைக்கப்பட்டது. அவர் மீட்டர் முள்ளைப் பார்த்தார், நூறு. பெட்டியைச் சொருகினார். செம்பட்டைத் தலைப் பெண் பாட ஆரம்பித்தாள்.

மாயவனுக்கு வேறொரு கவலை. பெரியவர் பித்தானை அழுத்தும்போது சீரியல் பல்பெல்லாம் மினுக்மினுக்கென்று எரிந்தால் துறையின் மானம் என்ன ஆவது? அதனால் அழுத்துகிற அதே நிமிஷம் சுற்றுக்காட்டு மோட்டார்களை மொத்தமாக நிறுத்தச் சொல்லி வயர்மேன்களைக் காட்டுக்கு அனுப்பியிருந்தார். பாஷாவிடம் சொல்லத் தோன்றவில்லை.

பாட்டு உச்சிக்கு ஏறியது. பெரியவர் அழுத்தினார். கரண்டு எகிறி, பத்து வருஷமாகச் சாயங்காலத்தில் ஊர் பார்க்காத வெளிச்சம் வந்தது. பாட்டுப் பெட்டியிலிருந்து நீலமாகப் புகை எழுந்தது. ஜப்பானில் பாட்டை இப்படித்தான் முடிப்பார்கள்போல என்று ஜனங்கள் கைதட்டினார்கள். பாஷா மட்டும் துண்டால் பெட்டியைப் போர்த்திக்கொண்டு நின்றார். மறுநாளே மோட்டார்கள் ஓடின, கரண்டு பழையபடி இறங்கிவிட்டது.

பாஷா கரண்ட் ஆபீஸுக்குப் புகார் எழுதிக்கொண்டு போனார். மாயவன் வருத்தத்தோடு பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "எக்காலத்திலும் இராதுன்னு உங்க கையெழுத்துதானுங்களே."

"எம் பொட்டி எரிஞ்சு போச்சுங்க."

"எங்க கரண்ட்டு ஜப்பான் தரம்னு ஆர்டரே இருக்குது. அதுல எரிஞ்சா, பொட்டி ஜப்பான் இல்லீங்க. சிங்கப்பூரா இருக்கும்."

இதைவிட அவரைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பட்டி ஒன்றும் கிழியவில்லை.

சாயங்காலம் பாஞ்சாலி வந்தாள். கூடவே பக்கத்து ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர். தங்களுக்கும் ஜப்பான் கரண்ட்டு வேண்டும், அந்த மனுவை அப்படியே எழுதித் தர வேண்டும் என்றார்கள்.

"வேணாங்க. பொட்டியே எரிஞ்சு போச்சு" என்றார் பாஷா.

"பொட்டியக் கேக்கல பாயி. நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, இப்ப கரண்ட்டு எப்படி இருக்குது?" என்றாள் பாஞ்சாலி.

பாஷா எழுந்து மீட்டரைச் சுவர் பிளக்கில் வைத்தார். முள் நூறில் ஆடாமல் நின்றது. ரசிகர் அவர், தரத்தைப் பற்றி அவரால் பொய் சொல்ல முடியாது.

"கரண்ட்டுல குறை சொல்ல முடியாதுங்க" என்றார்.

அவர் மனு எழுத உட்கார்ந்தார். தலைக்குமேல் பல்பு எரிந்துகொண்டிருந்தாலும் எழுத்து தெரியவில்லை. ரோஷன் பீ அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.