பிக்கப்பா, எஸ்யூவியா?

பிக்கப்பின் பின்சக்கரங்கள் சேற்றில் மும்முரமாகச் சுற்றின. வண்டி மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"பார்த்தீங்களா சார்?" வண்டியை ஓட்டிய 'நாலு சக்கரம்' ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "மாட்டிக்கிட்டு நிக்கறதே எவ்வளவு கம்பீரமா இருக்கு!"

"அடேயப்பா!" என்றார் பின்னால் எஸ்யூவியில் இருந்த முதலாளி.

மலைமேல் கட்டட வேலை எடுத்திருந்த முதலாளிக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. எது என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு கொள்முதல் பிரிவு குமாஸ்தாவிடம் வந்து சேர்ந்தது. கரடுமுரடுப் பாதை வண்டிகளின் ஜாதகமெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால்தான் அலுவலகத்தில் அவர் பெயர் நாலு சக்கரம். சொந்தமாக வைத்திருந்தது என்னவோ இரண்டு சக்கரம்தான். தீர்ப்பு முதலாளியின் மனதுக்குப் பிடித்துவிட்டால், காலியாகக் கிடக்கும் கொள்முதல் மேலாளர் நாற்காலி அவருக்கு. பிடித்துவிட்டதாகவே அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லி முடித்திருந்தாள்.

இரண்டு ஷோரூம்களிலும் ஓட்டிப் பார்க்க வண்டி வாங்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே இதற்கென்றே இருக்கும் சாகச டிராக்குக்கு வந்திருந்தார்கள். வாசலில் ஆளில்லை. உள்ளே மழையில் ஊறிய திடல். அதில் வரிசையாக, வெள்ளையடித்த கற்கள்.

"கல் தடை சார். ஏறி ஏறி இறங்கணும்" என்று சொல்லி நாலு சக்கரம் ஏறினார், இறங்கினார். இறங்கிய இடத்தில்தான் சேறு.

"இப்ப என்னப்பா பண்றது?"

"பிக்கப்புக்குப் பின்னால சுமை இருக்கணும் சார். காலியா இருந்தா வால் லேசாயிடும், பிடிப்பு போயிடும். கொஞ்சம் எடை வேணும்." அவர் பார்வை முதலாளியின் வயிற்றின் மேல் மரியாதையாகத் தங்கியது.

முதலாளி புரிந்துகொண்டார். பின்தட்டின் விளிம்பில் ஏறி, காலைத் தொங்கப் போட்டு, பெருமையோடு உட்கார்ந்தார். நாலு சக்கரம் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சேறு எழும்பி முதலாளியைத் தலையோடு கால் நனைத்தது. வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது.

"என்ன சக்தி!" என்றார் முதலாளி, வாயைத் துடைத்தபடி. "சேத்தை எவ்வளவு உசரத்துக்குத் தூக்குது பாரேன்!"

"எஸ்யூவி இன்னும் ஒரு படி மேல சார். நீளம் கம்மி, சட்டுனு திரும்பும். கயித்தைக் கட்டி இழுத்தா பிக்கப் ஓடி வந்துடும். நாலு சக்கரமும் தனித்தனியா யோசிக்கும்."

"உன்னை மாதிரி!"

கயிறு கட்டினார்கள். நாலு சக்கரம் எஸ்யூவியில் ஏறி இழுத்தார். அது நான்கு விதமாக யோசித்து, பக்கவாட்டில் வழுக்கி, பிக்கப்புக்கு ஜோடியாக வந்து இறங்கியது.

"பக்கவாட்டுல கூடப் போகுதே!" முதலாளி வாயைப் பிளந்தார்.

"அதுக்குப் பேர்தான் கையாளும் திறன் சார்" என்றார் நாலு சக்கரம். குரலில் மட்டும் பழைய திறன் இல்லை.

"சரி, அடுத்தது?"

"டயர்ல காத்தை இறக்கணும் சார். தட்டையாகி மண்ணைக் கவ்வும். தேர்ந்த ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க."

இரண்டு பேரும் குத்துக்காலிட்டு எல்லா டயர்களிலும் காற்றை இறக்கினார்கள். டயர்கள் மண்ணைக் கவ்வின. கவ்வியதை விடவே இல்லை.

"திரும்ப காத்தடிக்க பம்பு?"

"அது... ஷோரூம்ல கேட்டு வாங்கியிருக்கணும் சார்."

முதலாளி எழுந்து நின்றார். இடுப்பில் கை வைத்து, புதைந்து கிடந்த இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். மேலாளர் நாற்காலி தானாகவே உருண்டு அறையை விட்டு வெளியே போவது நாலு சக்கரத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. மனைவி அக்கம்பக்கத்துக்கு என்ன பதில் சொல்வாள்?

முதலாளி மெல்ல அருகில் வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. சேறாகவும் இருக்கலாம்.

"ஏம்ப்பா, இந்த ரெண்டு ராட்சசனையும் படுக்கப் போட்டிருக்குன்னா இது எப்பேர்ப்பட்ட டிராக்! நம்ம மலையெல்லாம் இதுக்கு முன்னால தூசு. இப்படிப்பட்ட இடத்துக்குள்ள, கொஞ்சம்கூட பயமில்லாம, என்னையும் நம்பிக் கூட்டிட்டு வந்தியே! உன் தைரியம் யாருக்கு வரும்? ரெண்டு வண்டியையும் வாங்கிடுவோம். நாளையிலேருந்து நீதான் மேலாளர்."

சேற்றுக் கையும் சேற்றுக் கையும் குலுக்கிக்கொண்டன.

அப்போது பின்னால் ஹாரன் கேட்டது. வீட்டு உபயோகத்துக்கான ஒரு சின்னக் கார் கெட்டித் தரை பார்த்து ஓரமாக வந்து நின்றது. பின்சீட்டில் குழந்தைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தன. ஓட்டிவந்த பெண் கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணா, வண்டியைக் கொஞ்சம் ஒழுங்கா நிறுத்துங்க. டிராக் அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம், அங்க போறவங்க எல்லாரும் இங்கதான பார்க் பண்ணணும்?"