சைடு பி தேடிய சூனியக்காரி

தாம்பரம் சுற்றுவட்டாரத்தையே சல்லடை போட்டுச் சலித்தாலும் சைடு பி என்று நாங்கள் கூப்பிட்ட மனிதர் மாதிரி காது உள்ள இன்னொருவர் கிடைக்கமாட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, பொண்ணை ஏதாவது படிக்கச் சொல்லுங்கள் என்றாராம். அதனாலோ என்னவோ, கடைசிவரை அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

எண்பதுகளில் சேலையூர் கேம்ப் ரோட்டில் அவருக்கு ஒரு கேசட் கடை. சினிமாப் பாட்டு பதிந்து கொடுப்பது வயிற்றுப்பாட்டுக்கு. உயிர் இருந்தது வேறு இடத்தில். மந்திரவாதிக் கதை, செவ்வாய்க் கிரகக் கதை என்று தானே எழுதி, ஆள் பிடித்துப் படிக்கவைத்து, கேசட்டாக வாடகைக்கு விடுவார். கதைகள் சுமார்தான், அதை அவரே ஒப்புக்கொள்வார். குரலில் மட்டும் குறை சொல்ல விடமாட்டார். முதல் பக்கத்தை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம், கேசட்டைத் திருப்பிப் போட்ட பிறகும் தொண்டை தாக்குப்பிடிக்கிறதா என்பதுதான் விஷயம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்ததில் வந்த பெயர்தான் சைடு பி.

கடைக்குப் போனால் என்ன கதை வேண்டும் என்று கேட்கமாட்டார். எப்போது கேட்பீர்கள் என்பார். சமைக்கும்போது என்றால் குக்கர் விசிலைத் தாண்டி ஒலிக்கும் ராட்சசன் குரல். தூக்கம் வராதவர்களுக்குப் பம்மல் தோல் மண்டிக் கணக்குப்பிள்ளை படித்த பாதாள லோகம். அதன் சைடு பி-யைக் கேட்டு முடித்தவர் இன்றுவரை யாருமில்லை.

அவர் கண்டெடுத்த முத்து ஒரு பஸ் கண்டக்டர். ராக்கெட் கேப்டன் வேஷம். பத்து, ஒன்பது என்று எண்ணிக்கொண்டே வந்த மனிதர், பூஜ்யம் வந்ததும் பழக்க தோஷத்தில் விசில் அடித்து "போலாம் ரைட்" என்றுவிட்டார். அழித்துவிட்டு மறுபடி பதியலாம் என்று எல்லோரும் சொன்னோம். சைடு பி அசையவில்லை.

"ராக்கெட்டா இருந்தா இன்னா? ஒருத்தன் ரைட் குடுத்தாத்தான் வண்டி கெளம்பும்" என்றார். குரோம்பேட்டை வரைக்கும் அந்தக் கேசட்டுக்கு ஆள் காத்திருந்தது.

என்னை அவர் பிடித்தது ரேஷன் கடையில். எடை குறைவென்று நான் கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு அடுத்து நின்ற மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பி, கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சண்டை முடிந்ததும் பக்கத்தில் வந்து, "ம்மா, ஒரு வருஷமா சூனியக்காரி தேடிக்கினு கீறேன். நீதாம்மா அது" என்றார். கையில் இருந்த மண்ணெண்ணெய் டின்னால் அடிக்காமல் விட்டது அவர் பூர்வஜென்ம புண்ணியம். விஷயம் புரிந்த பிறகும் மறுத்துவிட்டேன். காரணம் என் அப்பா.

பொம்பளைக் குரல் வாசலைத் தாண்டக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். "மெதுவா பேசு" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். அந்த வருடம்தான் அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போயிருந்தது. வரி விடாமல் பேப்பர் படித்த மனிதர், அறையை விட்டு வெளியே வராமல், யாரோடும் பேசாமல் படுத்துவிட்டார். இப்படியே போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். சைடு பி-யிடமிருந்து ஆறு கேசட் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஆறையும் பாதியிலேயே நிறுத்தச் சொன்னார். எல்லாரும் பயந்து பயந்து படிக்கிறார்கள் என்பது அவர் புகார்.

இதைச் சொன்னதும் சைடு பி ஷட்டரை இறக்கினார், மின்விசிறியை நிறுத்தினார், மைக்கை என் முன்னால் வைத்தார். "ரேஷன் கடையில பேசின மாதிரியே படி" என்றார். வேர்த்து ஊற்ற ஊற்ற, ஏழு கடல்களையும் மிரட்டும் சூனியக்காரியாக இரண்டு பக்கமும் படித்து முடித்தேன். ஒரு இடத்தில் மந்திரம் மறந்து "எடை சரியா போடு" என்று வந்துவிட்டது. அதையும் அவர் அழிக்கவில்லை.

கேசட்டைப் போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். முதல் வரியிலேயே அப்பாவின் கை தலையணையில் அப்படியே நின்றது. திட்டப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். டேப் தானாக நின்றதும், கூப்பிட்டார்.

"திருப்பிப் போடும்மா."

மறுநாள் சட்டை மாட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி கேம்ப் ரோடு வரை நடந்து வந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், கேசட் அட்டையில் படித்தவர் பெயர் போட்டாச்சா என்று சைடு பி-யிடம் அதட்டலாகக் கேட்டார். இன்னும் இல்லை என்றார் அவர்.

"படிச்சது என் பொண்ணுன்னு எழுதுங்க" என்றார் அப்பா.

சைடு பி-க்குத்தான் எதையும் மாற்றுகிற பழக்கமே கிடையாதே. அந்தச் சூனியக்காரிக் கதையின் எல்லாக் கேசட்டிலும் சிவப்பு மையில், கொட்டை எழுத்தில் அப்படியே எழுதிவைத்தார்: 'படிச்சது என் பொண்ணு.'

சேலையூரிலும் அஸ்தினாபுரத்திலும் அதை வாடகைக்கு எடுத்துப்போனவர்களெல்லாம், திருப்பித் தரும்போது உங்கள் பெண்ணா சார் என்று விசாரித்தார்கள். என்னை வைத்துக்கொண்டே கேட்டவர்களும் உண்டு. கல்யாணமே ஆகாத அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆமாம் என்றார்.

நானும் ஒருநாள்கூட இல்லை என்று சொல்லவில்லை.